மியூனிக், மான்ட்ரியல், மாஸ்கோ: ஒலிம்பிக் வெள்ளி நாணயம் சேர்க்க எதில் தொடங்குவது?

ஒலிம்பிக் நாணயம் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பெரும்பாலும் மான்ட்ரியல் 1976 பெட்டியைத்தான். 28 வெள்ளி நாணயங்கள், மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். திறந்து பார்த்ததும் மனம் அங்கேயே நின்றுவிடும். நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் அதை முதலில் வாங்கக் கூடாது. காரணத்தை விளங்கிக்கொள்ள, அடுத்தடுத்து நடந்த மூன்று ஒலிம்பிக்குகளின் நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: மியூனிக் 1972, மான்ட்ரியல் 1976, மாஸ்கோ 1980. கைக்கு எட்டும் விலையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கும் ஒலிம்பிக் வெள்ளி பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

இவற்றுக்கு முன்னும் ஒலிம்பிக் நாணயங்கள் உண்டு. ஹெல்சிங்கி 1952-க்காக ஃபின்லாந்து வெளியிட்ட 500 மார்க்கா முன்னோடி. அதில் 1951 என்று ஆண்டு பொறித்தவை மிகக் குறைவு, 1952 பொறித்தவை அதைவிடப் பல மடங்கு அதிகம். விலையும் அதற்கேற்ப எங்கோ போய் நிற்கும். அது பழகிய சேகரிப்பாளருக்கான நாணயம். முதல் ஆண்டில் தொடத் தேவையில்லை.

வெள்ளி எவ்வளவு?

மியூனிக் நாணயம் 10 மார்க் முகமதிப்பு கொண்டது. எடை 15.5 கிராம், விட்டம் 32.5 மி.மீ. ஆயிரத்துக்கு 625 பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஒரு நாணயத்தில் சுத்த வெள்ளி 9.69 கிராம்.

மான்ட்ரியலில் இரண்டு அளவுகள். 5 டாலர் 24.3 கிராம், 38 மி.மீ. 10 டாலர் சரியாக அதன் இரு மடங்கு, 48.6 கிராம், 45 மி.மீ. இரண்டும் 925 தரம். சுத்த வெள்ளி முறையே 22.48 கிராமும் 44.95 கிராமும். ஏழு வரிசைகள், வரிசைக்கு இரண்டு 5 டாலர், இரண்டு 10 டாலர் என்று 28 நாணயங்களையும் கூட்டினால் 944 கிராம் சுத்த வெள்ளி.

மாஸ்கோவும் 28 தான். 14 ஐந்து ரூபிள், 14 பத்து ரூபிள், 900 தரம். ஐந்து ரூபிள் 16.67 கிராம், 33 மி.மீ. பத்து ரூபிள் 33.3 கிராம், 39 மி.மீ. சுத்த வெள்ளி ஏறத்தாழ 15 கிராமும் 30 கிராமும். முழுத் தொகுப்பில் 630 கிராம்.

கணக்கு எளிதாக இருக்க, கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மியூனிக் நாணயத்தின் உலோக மதிப்பு 969 ரூபாய். மியூனிக்கின் ஆறு வடிவங்களும் சேர்ந்தால் 5,800 ரூபாய். மான்ட்ரியல் 10 டாலர் ஒன்று மட்டும் 4,495 ரூபாய், முழுப் பெட்டி 94,400 ரூபாய். மாஸ்கோ தொகுப்பு 63,000 ரூபாய். இன்றைய கிராம் விலை எவ்வளவோ, அந்த விகிதத்தில் இந்தத் தொகைகளைப் பெருக்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைப் பலகையில் இருப்பது சுத்த வெள்ளியின் விலை என்பதால் நாணயத்தின் மொத்த எடையால் பெருக்கக் கூடாது. சுத்த வெள்ளி எடையால்தான் பெருக்க வேண்டும். மியூனிக் நாணயத்தில் இந்தத் தவறு செய்தால் 15.5 கிராமுக்கும் காசு கொடுத்துவிடுவீர்கள், அதாவது உண்மை மதிப்பைவிட அறுபது விழுக்காடு கூடுதல்.

மூன்றுமே லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. ஆகவே சாதாரணத் தரத்துக்கு உலோக மதிப்புக்கு மேல் கால் பங்குக்கு அதிகமாகக் கேட்டால் அடுத்த கடையைப் பாருங்கள். ‘அபூர்வம்’ என்ற சொல்லுக்கு இங்கே இடம் மிகக் குறைவு. எங்கே இருக்கிறது என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

மியூனிக்: முழுமை செய்யக்கூடிய தொகுப்பு

மியூனிக்கில் தொடங்கச் சொல்வதற்கு முதல் காரணம், அதை முடிக்க முடியும். எல்லா நாணயத்திலும் 1972 என்றே ஆண்டு இருக்கும், ஆனால் விற்பனை 1970 தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மொத்தம் 10 கோடி நாணயங்கள். விளையாட்டு விழாவின் செலவில் ஒரு பெரிய பங்கை ஏற்றது இந்த நாணய வருமானம்தான்.

முதல் நாணயத்தில் கதிர்ச்சுருள் சின்னம், சுற்றிலும் ஒலிம்பிக் 1972 ‘டாய்ச்லாந்தில்’, அதாவது ஜெர்மனியில், என்று எழுத்து. கிழக்கு ஜெர்மனி இதை ஏற்கவில்லை. ஒலிம்பிக் ஒரு நகரத்துக்கு வழங்கப்படுவது, நாட்டுக்கல்ல. தவிர, ஜெர்மனி என்ற பெயரை மேற்கு ஜெர்மனி மட்டும் எடுத்துக்கொள்வதா என்ற கோபமும் அதற்குள் இருந்தது. அதன்பின் அதே சுருள் வடிவத்தில் நாட்டின் பெயருக்குப் பதில் நகரத்தின் பெயர் பொறித்து இன்னொரு நாணயம் வந்தது. ஒரு கோடி அது, ஒரு கோடி இது. மற்ற நான்கு வடிவங்களும் தலா இரண்டு கோடி: பின்னல் முடிச்சு, விளையாட்டு வீரரும் வீராங்கனையும், மேலிருந்து பார்த்த விளையாட்டரங்கம், ஒலிம்பிக் சுடர். பனிப்போர்க் காலத்து ஜெர்மனியின் பிளவு நாணயத்தின் எழுத்திலேயே பதிந்து கிடப்பது இந்தச் சுருள் நாணயங்கள் இரண்டில்தான். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் நாணயத்தில் ஈடுபாடு இல்லாதவரும் குனிந்து பார்ப்பார். ஆறில் முதலாவதுக்கு மட்டும் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம், அது நியாயம்.

இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. ஒவ்வொரு வடிவமும் நான்கு நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டது. டி என்றால் மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹே, ஜே ஹாம்பர்க். உற்றுப் பார்த்தால் தெரியும் ஒற்றை எழுத்து. ஆறு வடிவம், நான்கு எழுத்து, ஆக 24 நாணயங்கள். மொத்தச் சுத்த வெள்ளி 232 கிராம்தான். மான்ட்ரியல் பெட்டியின் உலோகத்தில் கால் பங்குக்குள் ஒரு முழுமையான தொகுப்பு முடிந்துவிடும். மாதம் ஒன்று என்று வாங்கினாலும் இரண்டு ஆண்டு. கடைக்காரரிடம் ‘மியூனிக் இருக்கிறதா’ என்று கேட்பவருக்கும் ‘முடிச்சு வடிவம், ஜி எழுத்து இருக்கிறதா’ என்று கேட்பவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. பூதக்கண்ணாடி பிடிக்கவும், விளிம்பு எழுத்தைப் படிக்கவும், ஒரே வடிவத்தின் வேறுபாடுகளைத் தேடவும் இந்த 24 பழக்கிவிடும். விளிம்பில் ‘இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக, இன்னும் வலுவாக’ என்ற ஒலிம்பிக் முழக்கம் லத்தீனில் உள்வெட்டாக இருக்கும். அது இல்லாத நாணயத்தை வாங்காதீர்கள்.

இன்னொரு பாதுகாப்பும் மியூனிக்குக்கு உண்டு. ஜெர்மன் மத்திய வங்கி மார்க் நாணயங்களைக் காலவரம்பின்றி யூரோவாக மாற்றித் தருகிறது. 1 யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற நிலையான விகிதம், எனவே 10 மார்க்குக்கு 5.11 யூரோ. வெள்ளி எவ்வளவு விழுந்தாலும் அந்தத் தரைக்குக் கீழே போகாது. இந்தியாவிலிருந்து ஒரு நாணயத்தை அனுப்பி மாற்றுவது கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். ஆனாலும் உலகச் சந்தையில் விலையைத் தாங்கிப் பிடிப்பது இந்த வசதி.

மான்ட்ரியல்: உலோகத்துக்கு முதலிடம்

பணத்தை வெள்ளியாக வைத்திருக்க வேண்டும், அது பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்பவருக்கு மான்ட்ரியலை விடச் சிறந்தது இல்லை. 925 தரம், பெரிய தட்டு, தெளிவான புடைப்பு. 1973 முதல் 1976 வரை வெளிவந்த ஏழு வரிசைகளுக்கும் தனித்தனிக் கருப்பொருள் உண்டு. முதலாவது நிலவரைபடமும் நகரங்களும், இரண்டாவது கிரேக்கச் சின்னங்கள், பிறகு கனடாவின் பழைய விளையாட்டுகள், தடகளம், நீர்விளையாட்டு, குழு விளையாட்டும் நேருக்கு நேர் மோதும் விளையாட்டும், கடைசியில் அரங்கம் முதலிய கட்டடங்கள். மறுபக்கம் எல்லாவற்றிலும் எலிசபெத் அரசி.

குறை என்னவென்றால், 28 நாணயங்களும் ஒரே பெட்டியில் ஒரே நாளில் வந்துவிடும். தேடல் இல்லை, தேர்வு இல்லை. சேகரிப்பு என்ற பெயரில் நடப்பது வெள்ளிக்கட்டி வாங்குவது. இதைவிடச் சிக்கலானது விற்கும் நேரம். ஒரு கிலோ வெள்ளியை மொத்தமாக வாங்க ஒரு சேகரிப்பாளர் கிடைப்பது அரிது. உருக்குபவரிடம்தான் போய் நிற்கும், அவர் கழிவு பிடித்துக்கொள்வார். தனித்தனியாக விற்றால் நல்ல விலை வரும், ஆனால் அதற்கு வாங்கும்போதே தனித்தனியாகத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

அதனால் மான்ட்ரியலில் மனதுக்குப் பிடித்த நாணயங்களை மட்டும் எடுப்பதே சரி. ஆறாவது வரிசையின் 10 டாலர் நாணயங்களில் ஒன்று ஹாக்கி, இன்னொன்று கால்பந்து. இந்தியச் சேகரிப்பாளருக்கு அந்த ஹாக்கி நாணயம் ஆழமான பொருள் கொண்டது. செயற்கைத் தரையில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாக ஆடப்பட்டது மான்ட்ரியலில்தான். 1928 முதல் அதுவரை ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கிப் பதக்கத்தோடு திரும்பிய இந்தியா அங்கே ஏழாமிடத்துக்குச் சரிந்தது. தங்கம் நியூசிலாந்துக்குப் போனது.

புரூஃப் தரமும் (சேகரிப்பாளருக்காகத் தனியாக அடித்து, வெற்றுப் பரப்பு கண்ணாடிபோல் மின்னுவது) சாதாரணத் தரமும் மான்ட்ரியலில் உண்டு. இரண்டிலும் வெள்ளி ஒன்றே. புரூஃப் மரத்தட்டுடன் கூடிய தோல் பெட்டியில் வந்தது. அந்தப் பளிங்கு போன்ற பரப்பில் ஒரு விரல்ரேகை விழுந்தால் அது சில வாரங்களில் உலோகத்தில் படிந்துவிடும், எடுக்கவே முடியாது. பெட்டி திறந்து திறந்து மூடப்பட்டதா என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். சாய்த்து விளக்கொளியில் பாருங்கள்.

அபூர்வம் என்று சொல்லத்தக்கது இங்கே ஒன்றே ஒன்று. முதல் வரிசையின் உலக வரைபட 10 டாலரில் 1973 என்று ஆண்டு இருக்க வேண்டும். அச்சு மாறிப்போய் 1974 என்று ஆண்டு விழுந்தவை மிகச் சில உண்டு. பெட்டி கையில் வந்தால் அந்த ஒரு நாணயத்தின் ஆண்டை மறக்காமல் பாருங்கள்.

மாஸ்கோ: வடிவத்துக்காக வாங்குவது

மூன்றில் அழகு எது என்று கேட்டால் எங்கள் விரல் மாஸ்கோவைத்தான் சுட்டும். சோவியத் நாணயச்சாலைகள் வீரனின் தசை முறுக்கை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புடைப்பில் கொண்டுவந்தன. ஒலிம்பிக்கில் இல்லாத நாட்டுப்புற விளையாட்டுகளையும் சேர்த்தார்கள்: கயிறு இழுத்தல், கலைமான் பந்தயம், கட்டைகளை எறிந்து வீழ்த்தும் கொரட்கி, ஜார்ஜியாவின் குதிரைப் பந்தாட்டமான இசிந்தி. கீவ், லெனின்கிராட், மின்ஸ்க், தாலின் நகரங்களுக்கும் தனி ஐந்து ரூபிள் உண்டு. சோவியத் சின்னத்தின் கீழ் அன்று ஒன்றாக நின்ற இந்த நகரங்கள் இன்று நான்கு வெவ்வேறு நாடுகளில் இருக்கின்றன.

வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று ஹாக்கித் தங்கம் எடுத்தது மாஸ்கோவில். ஆனால் மாஸ்கோவின் 28 வெள்ளியில் ஹாக்கி இல்லை. ஏழாமிடம் பிடித்த ஊரின் நாணயத்தில் ஹாக்கி இருக்கிறது, தங்கம் வென்ற ஊரின் நாணயத்தில் இல்லை. இந்திய ஹாக்கியை ஒட்டித் தொகுக்க நினைப்பவர் மான்ட்ரியல் ஹாக்கி நாணயத்தையும் மாஸ்கோ நகரப் பத்து ரூபிளையும் இணையாக வைக்கலாம்.

மாஸ்கோவில் கவனிக்க வேண்டியது, முகமதிப்புக்கு இன்று எந்தப் பொருளும் கிடையாது. சோவியத் ரூபிளை எவரும் மாற்றித் தரப்போவதில்லை. உலோகமும் சேகரிப்பாளர் ஆர்வமும்தான் விலை.

வெள்ளிக்குக் காசு போதாதவருக்கு மாஸ்கோ ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. செம்பு-நிக்கலில் ஆறு ஒரு ரூபிள் நாணயங்கள், 1977 முதல் 1980 வரை, ஒவ்வொன்றும் 31 மி.மீ. அளவில்: ஒலிம்பிக் சின்னம், கிரெம்ளின், மாஸ்கோ பல்கலைக்கழகம், விண்வெளி நினைவுச்சின்னம், தால்கருக்கி சிலை, ஒலிம்பிக் சுடர். ஆறும் சேர்ந்தே ஒரு மியூனிக் வெள்ளியின் விலையை ஒட்டித்தான் வரும். 1978 கிரெம்ளின் நாணயத்தில் கோபுரக் கடிகாரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ரோமன் எண்ணில் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பொறிக்கப்பட்ட வகை ஒன்று உண்டு, அதற்குத் தனி விலை. பள்ளி மாணவருக்குப் பரிசளிக்க இந்த ஆறைவிடப் பொருத்தமானது எதுவும் தோன்றவில்லை.

ஒரே ஒரு நாணயம் போதும் என்றால்

மெக்சிகோ 1968-இன் 25 பேசோவை எடுங்கள். 22.5 கிராம், 720 தரம், சுத்த வெள்ளி 16.2 கிராம். ஸ்பானியர் வருவதற்கு முன் அந்த மண்ணில் ஆடிய பந்தாட்டத்தின் வீரன் அதில் இருக்கிறான். வளையங்கள் அமைந்த விதத்தில் சிறு வேறுபாடுகள் உண்டு, ஆர்வம் பிறந்தால் பிறகு தேடலாம். டோக்கியோ 1964-இன் 1000 யென் இன்னும் நேர்த்தியானது, 20 கிராம், 925 தரம், ஆனால் உலோக மதிப்புக்கு மேல் நிறையக் கொடுக்க வேண்டும்.

இந்தியாவின் 1982 டெல்லி ஆசிய விளையாட்டு 100 ரூபாய் நாணயத்தை இவற்றோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அது 35 கிராம் எடை, ஆனால் வெள்ளி பாதிதான், 17.5 கிராம். 24.3 கிராம் எடையுள்ள மான்ட்ரியல் 5 டாலரில் இதைவிட அதிக வெள்ளி இருக்கிறது. இந்திய 100 ரூபாயை உலோகக் கணக்கில் வாங்கக் கூடாது. இந்தியத் தொகுப்பின் அங்கமாக வாங்குவதென்றால் தயங்க வேண்டாம். அதே விழாவுக்கு வந்த செம்பு-நிக்கல் 25 பைசாவும் 2 ரூபாயும் சில்லறை விலையில் இன்றும் கிடைக்கும்.

வாங்கும் முன் தண்ணீர்ச் சோதனை

காந்தம் ஒட்டவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. செம்பு-நிக்கலும் ஒட்டாது. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்றில் முதலீடு செய்யுங்கள். முதலில் நாணயத்தை எடை போட்டு மேலே சொன்ன எண்களோடு ஒப்பிடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர் உள்ள சிறு கண்ணாடிக் குவளையை வைத்து எடையைப் பூச்சியமாக்குங்கள். மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு கிராமில் காட்டும் எண்ணே கன சென்டிமீட்டரில் நாணயத்தின் கன அளவு. மான்ட்ரியல் 10 டாலருக்கு 4.69, 5 டாலருக்கு 2.35, மாஸ்கோ பத்து ரூபிளுக்கு 3.23, ஐந்து ரூபிளுக்கு 1.62, மியூனிக்குக்கு 1.57 என்று வர வேண்டும். மியூனிக் எடையிலேயே செம்பு-நிக்கலில் செய்த போலி என்றால் 1.73-க்கு மேல் காட்டும். எண் கூடுதலாக வந்தால் நாணயம் சுவரையோ அடியையோ தொடுகிறதா, அதில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா, நூல் தடிமனா என்று பாருங்கள். குறைவாக வந்தால் நாணயம் முழுதும் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி செய்யுங்கள். அடியில் பட்டால் எண் திடீரென ஏறும், அப்போது எந்தக் கணக்கும் நிற்காது. நாணயத்தின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்: மான்ட்ரியலுக்கு 10.36, மாஸ்கோவுக்கு 10.31, மியூனிக்குக்கு 9.86.

புரூஃப் நாணயத்தில் இந்தச் சோதனை வேண்டாம். நூல் உராய்ந்த கோடே விலையைக் குறைத்துவிடும். நாணயத்தை மூடிவைக்கும் வட்டப் பிளாஸ்டிக் உறையான கேப்சூலோடு எடை போட்டு, அதே அளவு வெற்றுக் கேப்சூலின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பது போல நாணயத்தைத் தேய்த்துவிடாதீர்கள். புளி, பற்பசை, சமையல் சோடா, எதுவும் கூடாது. கறுப்பு நீங்கும், கூடவே அச்சின் மேல்தோலும் நீங்கும். பளபளவென்று தேய்த்த மான்ட்ரியல் நாணயத்துக்குச் சேகரிப்பாளர் உருக்கு விலைதான் தருவார். இயல்பாக ஏறிய மங்கல் நிறம் குறையே அல்ல.

பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம். மலிவான பிவிசி உறை சிதைந்து விட்ட அமிலம் அது, நாணயத்தை அரித்துக்கொண்டே போகும். சுத்த அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கி ஆகாது, அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும்) ஐந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்துத் தானாக உலர விடுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில், ஜன்னல் திறந்த அறையில், அடுப்பு பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். அரிப்பு உள்ளே இறங்கியிருந்தால் தழும்பு போகாது.

கேப்சூல் வாங்கும்போது விட்டம் பாருங்கள். மியூனிக் 32.5, மாஸ்கோ ஐந்து ரூபிள் 33 மி.மீ. கடையில் இரண்டுக்கும் ஒரே அளவைக் கொடுத்துவிடுவார்கள். 33-இல் மியூனிக் சற்று ஆடினாலும் பாதகமில்லை, 32.5-இல் ஐந்து ரூபிளை அழுத்தினால் விளிம்பில் கீறல் விழும். பழைய மான்ட்ரியல் பெட்டியின் மரமும் தோலும் நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் நாணயத்தைப் பழுப்பாக்கும். நாணயங்களைக் கேப்சூலில் தனியே வையுங்கள், பெட்டியை விற்பனைக்காகப் பத்திரப்படுத்துங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் நாணயத்தின் அருகே வரவே கூடாது, அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மாஸ்கோ ஒரு ரூபிள் ஆறு, கை பழக. அடுத்து மியூனிக் ஆறு வடிவங்கள், பிறகு நான்கு எழுத்துகளுக்கும் விரித்து 24. அதன்பின் மான்ட்ரியலிலிருந்தும் மாஸ்கோவிலிருந்தும் பிடித்ததை ஒவ்வொன்றாக. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்கத்தில் வரி சேரும், உள்ளூர் விலையோடு அதையும் கூட்டி ஒப்பிடுங்கள். எங்கே வாங்கினாலும் ரசீதில் நாடு, ஆண்டு, முகமதிப்பு, எடை, வெள்ளித் தரம் ஐந்தும் எழுதி வாங்குங்கள். ‘வெள்ளி நாணயம் 1’ என்று மட்டும் எழுதிய ரசீதை நாளை விற்கும்போது யாரும் மதிக்கமாட்டார்கள்.